விமானமும் சாப்பாட்டு டப்பாவும்: ஒரு போர் விமானக் காட்சிக்கூடத்தை வாசித்தல்

சென்னையில் பழைய ஆட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. கேலி மாதிரி தெரிந்தாலும் கறாரான வரையறை அது. செத்ததை எடுத்து, எண் போட்டு, கண்ணாடிக்குள் வைத்து, பாடமாக்குகிற இடம். இந்த வரையறைக்குள் அடங்காத அருங்காட்சியகம் ஒன்று உண்டென்றால் அது போர் விமானங்களை வைத்திருக்கிற இடம்தான். சாவை உண்டாக்கிய பொருள் அங்கே இருக்கும். செத்தவர்கள் இருக்க மாட்டார்கள். இது மறதியா, தற்செயலா, இல்லை அந்த இடம் இயங்குவதற்கான நிபந்தனையே இதுதானா? இதை ஒரே ஒரு விமானத்தை வைத்து விளக்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமா மீது அணுகுண்டைப் போட்ட பி-29, எனோலா கே.

அது இப்போது இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டிய ஷான்டிலியில். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்துக்கு வாஷிங்டன் நகரத்துக்குள் ஒரு கட்டடம் இருக்கிறது. இடம் போதாமல் 2003 டிசம்பரில் ஷான்டிலியில் இரண்டாவதைத் திறந்தார்கள். விமானங்களை வாடகைக்கு விடும் கம்பெனி நடத்திக் கோடீஸ்வரரான உத்வார்-ஹேஸி என்பவர் 6 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததால் அவர் பெயர். அனுமதி இலவசம். உள்ளே போனால், சும்மா சொல்லக்கூடாது, வாய் பிளந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது. முதலில் கறுத்த எஸ்ஆர்-71 உளவு விமானம். அதற்குப் பின்னால் டிஸ்கவரி விண்ணோடம். தலைக்கு மேலே கம்பிகளில் தொங்கும் விமானங்கள், பறந்துகொண்டிருக்கும்போதே யாரோ 'நில்' என்று சொன்னதுபோல. இந்தப் பிரமிப்பை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. பிரமிப்பை மறைத்துக்கொண்டு எழுதப்படும் விமர்சனத்துக்குப் பலமில்லை. அந்த இடத்தின் அதிகாரம் வேலை செய்வதே பிரமிப்பு வழியாகத்தான்.

எனோலா கே ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே, தாங்கிகளில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. இறக்கை 141 அடி, நீளம் 99 அடி. அலுமினிய உடம்பு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, கீழே போகிறவர்களின் உருவம் அதில் நெளிகிறது. அதன் இறக்கையைச் சுற்றியும் கீழேயும் என்ன நிற்கிறது என்று பார்த்தேன். எல்லாம் ஜப்பானிய விமானங்கள். பி-29களை இரவில் வேட்டையாடப் பயன்பட்ட 'கெக்கோ' அதில் ஒன்று. இன்னொன்று, ஆள் உட்கார்ந்து ஓட்டிப்போய் மோதிச் சாக வேண்டிய 'ஓக்கா'. உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே 'செய்ரான்'. வேட்டையாட வந்தவை இறக்கை நிழலில் சின்னதாக அடங்கிக் கிடக்கின்றன. இடம் போதாமல் அப்படி நிறுத்தினோம் என்று அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் இடத்தைப் பங்கிடுவதும் ஒரு வாக்கியம் அமைப்பது போலத்தான். எது எழுவாய், எது அடைமொழி என்பது நிறுத்தியிருக்கிற விதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இனி பெயர்ப்பலகை. நான் பார்த்தபோது அதில் இருந்ததன் சாரம் இதுதான்: இரண்டாம் உலகப்போரின் சுழல்விசிறி விமானங்களில் மிக நுட்பமான குண்டுவீச்சு விமானம் பி-29. காற்றழுத்தம் சீராக்கப்பட்ட அறைகளில் விமானிகளை உட்காரவைத்த முதல் குண்டுவீச்சு விமானம். ஐரோப்பாவுக்கென வடிவமைக்கப்பட்டுப் பசிபிக்கில் தன் இடத்தைக் கண்டுகொண்டது. சாதாரணக் குண்டுகள், தீக்குண்டுகள், கண்ணிவெடிகள், இரண்டு அணு ஆயுதங்கள் எனப் பலவகைகளையும் கொண்டு சேர்த்தது. ஆகஸ்ட் 6 அன்று இந்த விமானம் ஹிரோஷிமாவில் குண்டைப் போட்டது, மூன்று நாள் கழித்து பாக்ஸ்கார் நாகசாகியில் போட்டது. பிறகு இறக்கை நீளம், எடை, எஞ்சின் வகை.

இதில் பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. கவனிக்க வேண்டியது இதைத்தான். பொய் சொன்னால் அம்பலப்படுத்திவிடலாம். உண்மைகளாலேயே கட்டப்பட்ட ஒரு மௌனத்தை எப்படி அம்பலப்படுத்துவது? 'கொண்டு சேர்த்தது' என்ற வினையைப் பாருங்கள். தபால்காரர் பட்டுவாடா செய்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. எழுவாய் விமானம், பயனிலை சேர்த்தல், சேர்ந்த இடம் ஒரு நகரத்தின் பெயர். அங்கே ஆட்கள் இருந்தார்களா? 1945 முடிவதற்குள் செத்தவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர் என்பது ஹிரோஷிமா நகராட்சியின் கணக்கு. எடை, நீளம், குதிரைசக்தி என்று எண்கள் மேல் இவ்வளவு மோகம் கொண்ட ஒரு பலகையில் இந்த ஓர் எண்ணுக்கு இடமில்லை.

2003இல் கட்டடம் திறக்கும்போதே வரலாற்றாய்வாளர்களும் எழுத்தாளர்களும் இதைக் கேட்டார்கள். குண்டுக்குத் தப்பிய முதியவர்கள் ஜப்பானிலிருந்து வந்து நின்றார்கள். அப்போதைய இயக்குநர், ஓய்வுபெற்ற கடற்படைக்காலாட்படை ஜெனரல் ஒருவர், மாற்ற மறுத்தார். மற்ற எல்லா விமானங்களுக்கும் எப்படியோ அப்படித்தான் இதற்கும், நாங்கள் சொல்வது தொழில்நுட்பத்தை என்பது வாதம். அதாவது சமத்துவம். எல்லா விமானத்துக்கும் ஒரே மாதிரிப் பலகை! ரோலான் பார்த் 'தொன்மம்' என்று எதைச் சொல்கிறார் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தொன்மம் எதையும் ஒளித்துவைப்பதில்லை. ஒரு பொருளிலிருந்து அதன் வரலாற்றை வடித்தெடுத்துவிட்டு, பொருள் இயற்கையாகவே அப்படித்தான் இருந்ததுபோல் நிறுத்திவிடுகிறது. பி-29ஐ உருவாக்கிய செலவு அணுகுண்டுத் திட்டத்தின் செலவையும் மிஞ்சியது. 1945 மார்ச் 9-10 இரவில் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை எரித்ததும் இதே ரகம்தான். இவையெல்லாம் வடிந்துபோய் 'நுட்பம்' என்ற ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கிறது.

ஆனால் இந்த மௌனம் ஆரம்பத்திலிருந்தே இருந்த ஒன்றல்ல, சண்டை போட்டுப் பெறப்பட்டது. பலரும் விட்டுவிடுகிற இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

போர் முடிந்ததும் எனோலா கேயை யாரும் கொண்டாடவில்லை. 1953 முதல் 1960 வரை ஆன்ட்ரூஸ் விமானத்தளத்தில் திறந்தவெளியில் கிடந்தது. பறவைகள் கூடு கட்டின. ஞாபகப்பொருள் பொறுக்குகிறவர்கள் கையில் கிடைத்ததைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு துண்டுகளாகப் பிரித்து மேரிலாந்தில் ஒரு கிடங்கில் போட்டார்கள். 1984 கடைசியில்தான் செப்பனிடும் வேலை தொடங்கியது. மொத்தம் ஏறக்குறைய 3,00,000 மணிநேர உழைப்பு. அந்தப் பளபளப்பு 1945இன் பளபளப்பு அல்ல, செய்யப்பட்ட பளபளப்பு. மழையில் நனைந்து பறவை எச்சத்தோடு கிடந்த காலமும் அந்த விமானத்தின் வரலாறுதானே? ஒரு தேசம் தான் செய்த காரியத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்த காலம் அது. அதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

குண்டு போட்டு ஐம்பதாவது ஆண்டு 1995. அப்போது இயக்குநராக இருந்தவர் மார்ட்டின் ஹார்விட். பிராகில் பிறந்த வானியற்பியலாளர், ராணுவத்தில் இருந்தபோது பசிபிக் தீவுகளில் அணுகுண்டுச் சோதனைகளில் பணியாற்றியவர். அவரும் அங்கிருந்த வரலாற்றாய்வாளர்களும் ஒரு கண்காட்சிக்குத் திட்டமிட்டார்கள். ஐந்து பகுதிகள். போரின் கடைசி ஆண்டு, குண்டு போடும் முடிவு, விமானமும் விமானிகளும், பிறகு தரை, கடைசியில் அதற்குப் பின் வந்த அணு ஆயுதப் போட்டி. விமானத்தைப் பார்த்துவிட்டு நடக்கிறவர் நேராகத் தரைக்குப் போய்விடுவார். அங்கே வைப்பதற்கு ஹிரோஷிமா, நாகசாகி அருங்காட்சியகங்களிலிருந்து பொருட்களைக் கடனாகக் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் சாப்பாட்டு டப்பா. உள்ளே சோறும் பச்சைப் பட்டாணியும், கரியாகிப்போய். அந்தப் பெண்ணின் உடல் கிடைக்கவேயில்லை. டப்பாதான் கிடைத்தது.

1994இல் வரைவுப் பிரதி வெளியே தெரிந்ததும் தொடங்கியது எதிர்ப்பு. முன்னணியில் நின்றது விமானப்படைச் சங்கம். ஆயுத உற்பத்திக் கம்பெனிகளையும் உறுப்பினர்களாகக் கொண்ட அமைப்பு அது. அவர்களுடைய பத்திரிகை உட்கார்ந்து எண்ணியது: துன்பப்படும் ஜப்பானியர் படங்கள் 49, அமெரிக்கர் படங்கள் மூன்று. அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பும் சேர்ந்துகொண்டது. செப்டம்பரில் செனட் எதிர்ப்பே இல்லாமல் ஒரு கண்டனத் தீர்மானம் போட்டது. அடுத்த சண்டை எண்ணிக்கை பற்றியது. குண்டு போடாமல் ஜப்பானுக்குள் படையெடுத்திருந்தால் எத்தனை அமெரிக்கர் செத்திருப்பார்கள்? லட்சக்கணக்கில் என்பது ஊரறிந்த கதையாடல். ஆவணங்களைப் பார்த்து ஹார்விட் அந்த மதிப்பீட்டைக் குறைக்கவும் பொறுமை போய்விட்டது. 1995 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 81 பேர் அவரை வெளியேற்றச் சொன்னார்கள். ஜனவரி 30 அன்று கண்காட்சி கைவிடப்பட்டது. மே 2 அன்று ஹார்விட் ராஜினாமா. ஜூன் 28 அன்று திறக்கப்பட்டது வேறு ஒன்று: விமானத்தின் முன்பாதி, அதைச் செப்பனிட்ட கதை, விமானிகள் பேசும் வீடியோ. 1998 வரை நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அதைப் பார்த்தார்கள்.

முன்னாள் வீரர்களை வெறும் வில்லன்களாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எழுபதைத் தாண்டிய கிழவர்கள். அந்தக் குண்டு விழாமல் இருந்திருந்தால் ஏதோ ஒரு கடற்கரையில் நாமும் விழுந்து கிடந்திருப்போம் என்று ஐம்பது வருஷம் நம்பி வாழ்ந்தவர்கள். விமானம் கிடங்கில் துண்டாகக் கிடக்கிறதே, செப்பனிடுங்கள் என்று நடையாய் நடந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் பயத்துக்கு ஒரு மனித முகம் உண்டு. அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போய் அரசாங்கமும் ஆயுத முதலாளிகளும் என்ன செய்தார்கள் என்பதுதான் அரசியல்.

ஒரு கேள்வியை மட்டும் விட முடியவில்லை. 99 அடி நீள விமானம் ஒரு டிபன் பாக்ஸைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்? விமர்சகர்கள் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியது அதைத்தான். கையகல டப்பா. அதை வைத்தால் 'சமநிலை' கெட்டுவிடும் என்றார்கள். எனக்குத் தோன்றுவது இது: விமானம் பார்வையாளரை விமானியின் இருக்கையில் உட்காரவைக்கிறது. உத்வார்-ஹேஸியில் அதற்கென்றே உயரத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், அங்கிருந்து விமானியறைக்குள் எட்டிப் பார்க்கலாம். 31,000 அடியிலிருந்து பார்த்தால் நகரம் ஒரு வரைபடம். பார்வையும் ஆயுதமும் ஒரே இயந்திரத்தின் இரண்டு உறுப்புகள் என்று பால் விரிலியோ எழுதியது இந்த இடத்தில் பிடிபடுகிறது. டப்பா பார்வையாளரைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. காலையில் எழுந்து சோறு கட்டிக்கொடுத்த ஒரு கை அதில் இருக்கிறது. பார்ப்பவருக்கும் அப்படி ஒரு கை வீட்டில் உண்டு. ஒரே கூடத்தில் இரண்டும் இருந்தால் மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டிவரும். தேசியப் பெருங்கதையாடலால் தாங்க முடியாதது அதைத்தான்.

கீழேயிருந்து பார்ப்பது என்றால் என்ன? என்னோடு வந்திருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து போய் டொரொன்டோவில் இருக்கும் நண்பர். உள்ளே வந்து கொஞ்சநேரம் பேசவேயில்லை. பிறகு சொன்னார்: "சத்தம் போடாத பிளேனை இவ்வளவு கிட்ட நிண்டு பாக்கிறது இப்பதான். நாங்கள் பிளேனைப் பாத்தது குறைவு, கேட்டதுதான் கூட. சத்தத்தை வைச்சே சொல்லிப்போடுவம், இது சகடை, இது பொம்பர், இது ஹெலி எண்டு. நிண்டு பாக்க நேரமெங்க? பங்கருக்குள்ள ஓடவேணுமே."

சகடை. சகடம், வண்டி என்பதிலிருந்து வந்த சொல். ஆடி அசைந்து வந்து பீப்பாய்க் குண்டு போட்டுவிட்டுப் போன போக்குவரத்து விமானத்துக்குச் சனங்கள் வைத்த பெயர். பின்னாளில் ஆளில்லாமல் வேவு பார்க்க வந்தது 'வண்டு'. இந்தப் பெயர்கள் எந்தப் பலகையிலும் ஏறாது. ஆனால் இதுவும் ஒரு தொழில்நுட்ப அறிவுதான். வேகம், தூரம், என்ன போடும், ஓடுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஹிரோஷிமாவிலும் இப்படித்தான். பி-29ஐ 'பி-சான்' என்பார்களாம், மிஸ்டர் பி என்று மரியாதையாக, அடிக்கடி வந்துபோகிற விருந்தாளியைச் சொல்வதுபோல. ஜான் ஹெர்ஸி 1946இல் எழுதிய 'ஹிரோஷிமா'வில் இந்தத் தகவல் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் விமானி பால் திபெட்ஸ் தன் அம்மாவின் பெயரை விமானத்துக்கு வைத்தார். புறப்படுவதற்கு முந்தைய நாள் எழுதவைத்தது. மேலே இருக்கிறவனுக்கு அது அம்மா. கீழே இருக்கிறவனுக்கு மிஸ்டர் பி. அருங்காட்சியகத்தில் மிஞ்சியது ஒரு பெயர்தான்.

அந்த வெட்டுப்பட்ட கண்காட்சி வாஷிங்டனில் திறந்து பதினோராம் நாள், 1995 ஜூலை 9, நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது இலங்கை விமானப்படை குண்டு போட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு கிடையாது. ஆனால் அந்தப் படைக்கும் இரத்மலானையில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தக் காலத்தில் அது பறக்கவிட்ட புக்காரா ரக விமானம் ஒன்று அங்கே நிற்கிறது. நண்பர் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமும் இல்லை என்றார்.

இது அமெரிக்க நோய், சிங்கள நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. டோக்கியோ யாசுகுனி கோயிலை ஒட்டிய யூஷூகான் அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் ஒரு ஸீரோ போர் விமானம் நிற்கிறது, அதே பளபளப்பு, அதே வீரம். அந்தக் கூடத்திலேயே சி-56 வகை ரயில் எஞ்சின் ஒன்று. 1943இல் சயாம்–பர்மா பாதையின் திறப்புவிழாவில் ஓடியது என்ற பெருமையோடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் மடிந்த பல்லாயிரம் ஆசியக் கூலிகள் பற்றி அங்கே பேச்சில்லை என்று பார்த்துவந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட நம் ஆட்கள் அவர்களில் ஏராளம். சரி, ஹிரோஷிமா அருங்காட்சியகம்? தரையிலிருந்து பேசுகிற அந்த இடத்துக்கும் அதன் மௌனங்கள் உண்டு. ஹிரோஷிமா ஒரு ராணுவ நகரமாக இருந்ததைப் பேசும் பகுதி 1994இல்தான் திறக்கப்பட்டது. குண்டில் செத்தவர்களில் ஆயிரக்கணக்கான கொரியர்கள் இருந்தார்கள், பலர் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுக்கு 1970இல் எழுப்பிய நினைவுத்தூண் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது, 1999இல்தான் உள்ளே வந்தது. செத்த பிறகும் ஊருக்கு வெளியே! நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டப்பாவைக் கொண்டாடும்போது யாருடைய டப்பா கிடைக்கவேயில்லை என்றும் கேட்டாக வேண்டும்.

2025இல் நடந்தவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் அமெரிக்க ராணுவத் தலைமையகம் 'பன்மைத்துவம்' பேசும் படங்களைத் தன் சேமிப்பிலிருந்து நீக்கப் பட்டியல் போட்டபோது எனோலா கேயின் படங்களும் அதில் மாட்டிக்கொண்டன என்று அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்டது. ஏன்னா, பெயரில் 'கே' இருக்கிறது, ஆங்கிலத்தில் தன்பாலின ஈர்ப்பாளரைக் குறிக்கும் சொல். சிரிக்கத்தான் தோன்றும். ஆகஸ்டில் வெள்ளை மாளிகை ஸ்மித்சோனியனுக்கு எழுதிய கடிதம் சிரிக்கக்கூடியதல்ல. எட்டு அருங்காட்சியகங்களின் காட்சிவாசகங்களை மறுபரிசீலனை செய்யப்போவதாகச் சொன்னது அது. அடிமைமுறையையும் பூர்வகுடிகளையும் பேசும் கூடங்களோடு வான், விண்வெளி அருங்காட்சியகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1995இல் ஒரு விமானத்தை வைத்துப் பழகிய வேலை இது. அப்போது செனட், சங்கம், பத்திரிகை என்று சுற்றிவளைக்க வேண்டியிருந்தது, இப்போது ஒரு கடிதம் போதும்.

நடக்காமல்போன கண்காட்சியின் வரைவுப் பிரதி 1995லேயே புத்தகமாக அச்சாகிவிட்டது. ஹார்விட் தன் பக்கக் கதையை 1996இல் தனி நூலாக எழுதினார். திபெட்ஸ் 2007இல் இறந்தார். கல்லறை கட்டினால் எதிர்ப்பாளர்கள் கூடுமிடமாகிவிடும் என்று, தனக்குக் கல்லே வேண்டாம் எனச் சொல்லியிருந்தார். ஷான்டிலிக்குப் போகிறவர்கள் அந்த வரைவுப் பிரதியின் நான்காம் பகுதியைப் படித்துவிட்டுப் போகலாம். எந்தப் பொருள் எந்த வரிசையில் இருந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.